என் பெயரில் செத்தவள்

காலை ஐந்தே முக்காலுக்கு ஜீப் வந்துவிடும். எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பிள்ளையார் கோயில் முக்கில் தூக்குவாளியும் பிளாஸ்டிக் கூடையுமாக நாங்கள் பதினாறு பெண்கள் நிற்போம். கங்காணி நோட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். 'இருக்கேன்' என்று சொன்னவள் ஏறிக்கொள்ளலாம். கம்பம்மெட்டு வழியாக மலையேறி, செக்போஸ்ட்டைத் தாண்டி, கேரளாவில் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போகிற கூட்டம் நாங்கள்.

அந்த நோட்டில் பெயர் இருப்பதுதான் பெரிய விஷயம். சேர்ந்தாற்போல ரெண்டு நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம் அந்த சீசன் முழுக்க வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவள் வீட்டிலிருந்து இன்னொருத்தி போவாள். அம்மாவுக்குப் பதில் மகள், மாமியாருக்குப் பதில் மருமகள். போகிறவள் அவளுடைய ஆதார் அட்டையை வாங்கி மடியில் செருகிக்கொள்வாள், அவள் பெயருக்கு 'இருக்கேன்' என்பாள், பொழுது சாயும்வரை அவளாகவே இருப்பாள். "இன்னைக்கு எங்க மதினி பேருல போறேன்" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொள்வோம். கங்காணிக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும், செக்போஸ்ட்டில் அட்டையை வாங்கிப் பார்க்கிறவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆதார் போட்டோ எவளுக்குத்தான் அவள் மாதிரி இருக்கிறது? இது ஒரு தப்பு என்று எங்களில் ஒருத்திகூட நினைத்ததில்லை.

என் தங்கை என்னைவிட நாலு வயசு சின்னவள். கல்யாணம் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. திரும்பி வந்து எங்கள் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தாள். திராட்சைத் தோட்டத்தில் கொத்துக்குக் கத்தரி போடுகிற வேலை பார்த்தாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். தெருவில் போகிற கோழிகூட அவளிடம் ஒரு பேச்சு வாங்காமல் போக முடியாது. முகம் மட்டும் என் முகம். தூரத்தில் பார்த்தால் எங்கள் அம்மாவே மாற்றிக் கூப்பிடுவாள்.

அந்த வாரம் எனக்கு மூட்டுக் காய்ச்சல். விரலை மடக்க முடியவில்லை. முதல் நாள் படுத்தே கிடந்தேன், மறுநாளும் எழ முடியவில்லை. திராட்சைத் தோட்டத்தில் அவளுக்கு அந்த வாரம் வேலை இல்லை. விடியும்போதே வந்து நின்றாள். நான் தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற என் வீட்டுக்காரரின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டாள்.

"அட்டையக் குடுக்கா. இன்னைக்கு நாந்தான் நீ."

பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, என் குரலிலேயே என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "ஏங்க... சாப்பிட்டீகளா? ராத்திரி தண்ணி மோட்டார நிப்பாட்டுனீகளா?" அச்சு அசல் நான்தான். அவர் வாயில் வைத்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "போடி கழுத, ஜீப்பு போயிரப்போகுது" என்றேன். அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

தோட்டத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. ஓரமாகப் போய்விட்டு வர வேண்டும். பத்து மணி வாக்கில் அவள் அப்படித்தான் தோட்டத்து எல்லைப் பக்கம் ஒதுங்கியிருக்கிறாள். காட்டுப்பன்றி வராமல் இருக்கத் தோட்டக்காரர் அங்கே ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். அந்தக் கம்பியில் வீட்டுக் கரண்டை நேராக விட்டிருந்தார். சாயங்காலம் போடுவார்கள், விடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு நிறுத்தவில்லை. அவள் சத்தம் போட்டதைக் கேட்டு மூன்று பெண்கள் ஓடியிருக்கிறார்கள். அதில் மூத்தவள், எங்கள் எதிர்வீட்டுக்காரி, காய்ந்த கம்பு ஒன்றை எடுத்துக் கம்பியைத் தள்ளி விலக்கியிருக்கிறாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தகவல் வந்ததும் என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுத் தம்பியோடு பைக்கில் மலையேறிப் போனார். நான் தரையில் பாய்கூட விரிக்காமல் கிடந்தேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு அங்கிருந்த அரசு ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினார்.

"ஏ புள்ள, இங்கன ஒரு சிக்கல். அவ மடியில உன் அட்டைதான் இருந்துச்சு. போலீஸ்காரக உன் பேரத்தான் எழுதியிருக்காக. ஆள் மாத்தி வந்ததுன்னு இப்பச் சொன்னா விசாரணை, அது இதுன்னு ரெண்டு மூணு நாளாகுமாம், அதுவரைக்கும் பொணத்தக் குடுக்க மாட்டாகளாம். ஜீப்பையும் புடிச்சு வச்சிருவாகன்னு கங்காணி பயப்படுறாரு. பேரு அதேதான்னு கையெழுத்துப் போட்டா சாயங்காலமே குடுத்துருவாகளாம். என்ன செய்யட்டும்?"

"எந்தப் பேரா இருந்தா என்ன? எம்புட்டு வெரசா முடியுமோ அவளக் கொண்டாங்க. அவ அங்கன தனியாக் கெடக்கா."

இதைச் சொன்னது நான். கங்காணி சொல்லவில்லை, போலீஸ் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர்கூட என்னைக் கேட்டுத்தான் செய்தார். இத்தனை வருஷத்தில் யாரை யாரையோ திட்டித் தீர்த்திருக்கிறேன். திட்டி முடித்துவிட்டுப் படுத்தால் அந்த வார்த்தைதான் வந்து நிற்கிறது. 'இறந்தவரின் கணவர்' என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். சாயங்காலமே கொண்டுவந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் எரித்துவிட்டோம்.

மூன்றாம் நாள், காய்ச்சல் விடாத உடம்போடு நான் மலையேறிப் போய் அந்தப் போலீஸ் ஸ்டேஷனில் நின்றேன். செத்தது என் தங்கை, நான் இதோ இருக்கிறேன், பெயரை மாற்றி எழுதுங்கள் என்றேன். அங்கிருந்த அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினார். தமிழும் மலையாளமும் கலந்து, உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்.

"சேச்சி, எஃப்ஐஆர் கோர்ட்டுக்குப் போயாச்சு. இனி நான் ஒண்ணும் மாற்றான் பற்றில்லா, முடியாது. உங்கள் பர்த்தாவு ஒப்பு, கையெழுத்து, இட்டிருக்கு, பொண்டாட்டி மரிச்சுன்னு. அது கள்ள ஒப்புன்னு நீங்களே சொன்னா, அவர் பேரில் நான் கேஸ் எடுக்கணும். எடுக்கட்டே?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டோம்.

இந்தப் பக்கத்து ஸ்டேஷனில் கேட்டேன். சம்பவம் நடந்தது கேரளாவில், எங்கள் எல்லை இல்லை என்றார்கள். எல்லையாம் எல்லை. எங்கள் ஊர் மொட்டைமாடியில் நின்றால் அந்த மலை தெரியும். தேனியில் வக்கீலாக இருக்கிற ஒரு தூரத்துச் சொந்தக்காரர் சொன்னார்: "துபாயில செத்திருந்தாக்கூட தூதரகம்னு ஒண்ணு இருக்கும்மா, எழுதிப் போட்டா ஒரு பதிலாவது வரும். இது பக்கத்து ஸ்டேட்டு. இதுக்கு யாரும் கெடையாது." புதைத்திருந்தால் தோண்டி எடுத்து ரத்த சம்பந்தத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம் என்றும் சொன்னார். எரித்ததற்கும் நான்தான் பொறுப்பா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

ராயப்பன்பட்டியில் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ வரை படித்தவள் நான். கட்டுரைப் போட்டிக்கெல்லாம் பெயர் கொடுத்ததில்லை. மனு எழுதி எழுதித்தான் எனக்கு எழுத வந்தது. திங்கட்கிழமைதோறும் தேனி கலெக்டர் ஆபீஸில் மனு நாள். வாசலிலேயே பையைச் சோதிப்பார்கள். யாரும் மண்ணெண்ணெய் கொண்டுவந்து மேலே ஊற்றிக்கொள்ளக் கூடாதல்லவா, அதற்காக. ஒரு பெண் போலீஸ் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்ப்பாள். நாலாவது திங்கட்கிழமை நானே மூடியைத் திறந்து நீட்டினேன். "வாராவாரம் வர்றியேம்மா, அப்படி என்னதான் பிரச்சனை?" என்றாள். "நான் செத்துட்டேன் தாயி, அதான்" என்றேன். அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. உள்ளே மனுவை வாங்கி ஒரு நம்பர் போட்டு உத்தமபாளையத்துக்கு அனுப்பினார்கள். உத்தமபாளையத்தில் அதைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். கிராமத்திலிருந்து, இறப்பு வெளி மாநிலத்தில் பதிவாகியிருப்பதால் இங்கே நடவடிக்கைக்கு வழியில்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதிவு எங்கே போய் எங்கே ஒட்டிக்கொண்டதோ தெரியாது. மூன்று மாசம் கழித்து ரேஷன் கடையில் விரல் வைத்தேன். மிஷின் எடுக்கவில்லை. விரலைத் துடைத்துவிட்டு வைத்தேன். அப்போதும் எடுக்கவில்லை. கடைக்காரர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "யக்கா, நீங்க இறந்துட்டீகன்னு வருது" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வெறும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஒப்பாரி வைத்து அழுதேன். செத்தது அவள், அவளுக்கு ஒரு காகிதம் இல்லை. ஓட்டர் லிஸ்டில் இருக்கிறாள், ரேஷன் கார்டில் இருக்கிறாள், தேர்தல் வந்தால் அவள் பெயருக்குப் பூத் சிலிப் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து மலை மேல் இருக்கிற கோர்ட்டில் வழக்கு எடுக்கப்பட்டது. கம்பியில் நேரடியாகக் கரண்ட் விட்டு ஒரு பெண்ணைச் சாகடித்ததாகத் தோட்டக்காரர் மேல் வழக்கு. அரசு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். நாற்பது வயசு இருக்கும், மேஜை நிறையக் கேஸ் கட்டுகள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ரொம்ப நேரம் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"சேச்சி, நான் ஒண்ணு சொல்லட்டே? இந்தக் கேஸில் நமக்குப் பலம் ஒண்ணே ஒண்ணுதான். ஒரு ஆள் மரிச்சு. எல்லாக் காகிதத்திலும் அந்த ஆள் நீங்கள். நீங்கள் கோர்ட்டில் வந்து நின்னால், பின்னே மரிச்சது யாருன்னு அவங்க வக்கீல் கேட்கும். நான் என்ன பதில் சொல்லும்?"

"உண்மையச் சொல்லுங்க சார்."

"உண்மையை எழுதின காகிதம் எங்கிட்ட இல்லியே." பேனாவை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு எது வேணும்? தங்கச்சி பேரா, அந்த ஆளுக்குத் தண்டனையா? ரெண்டும் கிடைக்காது. வராமல் இருங்கள். அது போதும்."

தண்டனை என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வேன்? அவளைக் கொன்றவன் உள்ளே போனால், யார் பெயரில் போனால் என்ன? இரண்டாவது தடவையாக அதே வார்த்தையை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை. அந்த மூன்று பெண்களும் என் வீட்டுக்கு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோர்ட்டுல நாங்க ஓம் பேரயே சொல்லிடுறோம் ஆத்தா. சாமி மன்னிச்சுக்கும்" என்றாள். அவள் சாமி கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள்.

அப்படியாக நான் செத்தவளாகவே இருக்க ஒத்துக்கொண்டேன். ஆனால் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போய், கோர்ட்டுக்கு வெளியே பலாமரத்தடியில் நின்றேன். "நீ போகாத புள்ள, எவனாவது பாத்துருவான்" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். நான் கேட்கவில்லை. ரெண்டு வருஷத்துக்கு மேல் அப்படி நின்றிருக்கிறேன். ஒரு நாள் ஜட்ஜ் லீவு, ஒரு நாள் அவர்கள் வக்கீல் வரவில்லை, ஒரு நாள் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லை என்று தள்ளிவைத்த அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் சொல்வது? அவளைக் கொல்ல மட்டும் பகலில்கூடக் கரண்ட் இருந்ததே.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் வழக்கைக் கூப்பிடும்போது உள்ளே என் பெயரைப் படிப்பார்கள். இறந்துபோன இன்னார், இன்னாரின் மனைவி. ஜன்னல் வழியாக என் காதில் விழும். முதல் தடவை உடம்பு சிலிர்த்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு பழக்கம் போய் ஒரு வயிற்றெரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை கட்டுக் காகிதத்தில், இத்தனை பேர் வாயில், அவள் பெயர் ஒரு தடவைகூட வரவில்லையே. அவள் எங்கேயும் இல்லை. அந்தக் கோர்ட்டைப் பொறுத்தவரை அவள் பிறக்கவே இல்லை.

கடைசியில் சாட்சி விசாரணை வந்தது. மூன்று பெண்களும் ஒரே நாளில் கூண்டில் ஏறி, செத்தது நான்தான் என்று சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரி சொல்லும்போது குரல் உடைந்து அழுதாள். ஜட்ஜ் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எனக்கு வெளியே நின்றபடியே அழுகை வந்தது. அடுத்து கங்காணியைக் கூப்பிட்டார்கள். இந்த ரெண்டு வருஷத்தில் அவர் அந்தத் தோட்டக்காரரிடமே நிரந்தர வேலைக்குச் சேர்ந்திருந்தார். அது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவரும் எங்கள் ஊர்க்காரர், என் தங்கைக்கு மாமன் முறை, வாயைத் திறக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. டவாலி போட்ட ஆள் ஒருவர் வெளியே வந்து நேராகப் பலாமரத்தடிக்கு வந்தார். "ஜட்ஜ் கூப்பிடுறாரு, உள்ள வாங்க" என்றார்.

உள்ளே போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் கையில் ஒரு போன். அதில் அன்று காலையில் எடுத்த என் போட்டோ. பக்கத்தில் என் ஆதார் அட்டையின் நகல். தோட்டக்காரரை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். நான் என்னவோ ராட்சசன் மாதிரி ஒருவனை நினைத்து வைத்திருந்தேன். மஃப்ளர் சுற்றிய கிழவர், இருமிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்தார்.

அரசு வக்கீல் சட்டென்று எழுந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஜட்ஜிடம் ஏதோ சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழிலும் சொன்னார்: "இவர் மரிச்ச ஆளின் தங்கச்சி. ஒரே முகச்சாயல். அக்கா கேஸைக் கேட்க வந்திருக்கு. அப்படித்தானே அம்மா?"

அவர் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். என் பையில் அவளுடைய அட்டை இருந்தது. அவளுடைய போட்டோ என்று எங்களிடம் இருக்கிற உருப்படியான ஒன்று அதுதான், எப்போதும் என் கூடவே வைத்திருப்பேன். அதை எடுத்து நீட்டி, அவள் பெயரைச் சொன்னால் போதும். அவள் அன்றைக்கு ஒரு நாள் நானாக இருந்த மாதிரி, நான் ஐந்து நிமிஷம் அவளாக இருந்தால் போதும். மூன்று பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி உதட்டை அசைத்து, சொல்லு சொல்லு என்றாள்.

ஜட்ஜ் தமிழிலேயே கேட்டார். "உங்க பேரென்ன?"

சொல்ல வாயைத் திறந்தேன். அவள் பெயர் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் அவள் இருக்கிறாள் என்று நானே சத்தியம் பண்ணின மாதிரி ஆகும். என் கண்முன்னே எரிந்தவளை, இதோ நிற்கிறேன் என்று நானே சொல்ல வேண்டும். அந்த இடத்தில் ஒரே ஒரு தடவையாவது, அவள் செத்தாள் என்று யாராவது சொல்ல வேண்டாமா? எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. என் பெயரைச் சொன்னேன்.

சொல்லிவிட்டு நிறுத்தவும் இல்லை. "செத்தது நானில்ல சாமி. செத்தது எந் தங்கச்சி" என்று அவள் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். அப்பா பெயர், ஊர், வயசு எல்லாம் சொன்னேன். அன்றைக்கு என் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள் என்று சொன்னேன். ஜட்ஜ் கையைக் காட்டி நிறுத்தினார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார். பிறகு டைப் அடிக்கிற பெண்ணிடம் ஏதோ சொன்னார், அவள் ஒரே ஒரு வரி அடித்தாள். என் பெயர் மட்டும்தான் அதில் ஏறியது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எதிர்த்தரப்பு வக்கீல், இனிக் கேள்வி ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துவிட்டார். அரசு வக்கீல் தன் கட்டைக் கயிறு போட்டுக் கட்டினார்.

நாலு பேரும் ஒரே பஸ்ஸில் கம்பம்மெட்டு இறக்கத்தில் வந்தோம். முதல் கொண்டைஊசி வளைவு தாண்டியதும் எதிர்வீட்டுக்காரி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாங்க மூணு பேரும் சாமி மேல ஆணையிட்டுப் பொய் சொன்னோம்டி. யாருக்காகச் சொன்னோம்? நீ ஒரே ஒரு பொய் சொல்லக் கூடாதா?" அவள் கேட்டது நியாயம். ஜட்ஜ் அந்த மூன்று பேரையும் எச்சரித்து விட்டுவிட்டார். மற்ற ரெண்டு பேரில் ஒருத்தி அதோடு என் வாசலை மிதிப்பதில்லை.

தீர்ப்பு வந்தது. தோட்டக்காரர் விடுதலை. மலையாளத்தில் இருந்த அந்தக் காகிதத்தை, கம்பம்மெட்டில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே படித்தார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். இறந்ததாகச் சொல்லப்பட்டவர் உயிரோடு இருக்கிறார், இந்தக் கோர்ட்டில் நேரில் ஆஜராகித் தன் பெயரைச் சொன்னார், ஆகவே குற்றப்பத்திரிகையில் கண்ட மரணம் நிரூபிக்கப்படவில்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது. வேறொருத்தி செத்தாளா என்ற பேச்சே இல்லை. அந்த அம்மா டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

மேல்முறையீடு செய்ய வேண்டியது அரசாங்கம், பைல் அனுப்பியிருக்கிறது என்றார் அரசு வக்கீல். அந்தப் பைல் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. நான் தீர்ப்பை எடுத்துக்கொண்டு, இறப்பைப் பதிந்த அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன். உயிரோடு இருக்கிறேன் என்று கோர்ட்டே சொல்லிவிட்டதே, என் பெயரை எடுத்துவிட்டு என் தங்கை பெயரைப் போடுங்கள் என்றேன். அங்கிருந்த கிளார்க் பொறுமையாக விளக்கினார். நீங்கள் இருக்கிறீர்கள் என்று தீர்ப்பில் இருக்கிறது, பதிவை ரத்து செய்யச் சொல்லி அதில் உத்தரவு இல்லை. தங்கையின் இறப்பைப் பதிய வேண்டுமென்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும். அந்த அறிக்கையோ என் பெயரில் இருக்கிறது. சரி, வேறு வழி என்ன என்று கேட்டேன். கோர்ட்டுக்குப் போங்கள் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வருஷம் காய் எடுப்புக்கு வேறொரு தோட்டம், வேறொரு கங்காணி. இப்போதெல்லாம் வெளி மாநில ஆட்கள் விவரத்தை அங்கே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். என் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது ஓடாதுக்கா, வேற அட்ட இருந்தாக் கொண்டாங்க" என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டே சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருந்த அவள் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். வீட்டில் ஒருத்தர் சம்பாத்தியத்தில் குடும்பம் நடக்காது. அவள் நம்பர் உடனே ஓடியது.

முதல் நாள் பிள்ளையார் கோயில் முக்கில் கங்காணி நோட்டைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். ஜீப்பில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற எதிர்வீட்டுக்காரி என் முதுகில் கையை வைத்தாள்.

"நேரமாகுது ஆத்தா. அவ இருக்கான்னு சொல்லு."

"இருக்கேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் சொல்கிறேன்.